கல்லு ஏறும்போது மோட்டார் ஒரே சீரா இழுக்க மாட்டேங்குது (ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 டூ)

கல்லேறி, ஓசூர்

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 டூ, பத்தில் ஒரு பங்கு ஸ்கேல்ல வர்ற ரிமோட் கன்ட்ரோல் கிராலர், அதாவது பாறை மேல மெதுவா ஏறுற வண்டி. கை மாறி வந்தது. உள்ளே 35 டர்ன் பிரஷ்டு மோட்டார் (கார்பன் பிரஷ் வழியா காயிலுக்கு கரண்ட் போறது), பின்மூடியைத் திருப்பி டைமிங், அதாவது பிரஷ் நிக்கிற இடம், மாத்துற ரகம். கிராலருக்குன்னே வர்ற பிரஷ்டு ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்), 3 செல் லிப்போ பேட்டரி, ஸ்டியரிங்கைத் திருப்ப 25 கிலோ சர்வோ. முன்னாடி வெச்சிருந்தவர் நீளமான ஷாக் போட்டு வண்டியை நல்லா தூக்கி விட்டிருக்கார்.

கிருஷ்ணகிரி பக்கம் கருங்கல் பாறைகள்லதான் ஓட்டுறோம். டயருக்கு நல்ல பிடிப்பு கிடைக்கிற கல்லு, அதனால சறுக்குதுன்னு சொல்ல முடியாது. ட்ரிக்கரை லேசா அழுத்தினா வண்டி கொஞ்சம் இழுக்குது, தயங்குது, மறுபடி இழுக்குது. ஒரு டயரை விளிம்புல அரை இஞ்ச் நகர்த்தி வைக்கணும்னா முடியல. தயங்குற நேரத்துல நான் கூட கொஞ்சம் அழுத்திடுறேன், அது தாவி விளிம்பைத் தாண்டிடுது, வண்டி மல்லாந்துடுது.

இன்னொண்ணு, முன் சக்கரம் ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டி, நான் ஸ்டியரிங்கை முழுசா ஒடிக்கும்போது வண்டியே ஒரு நொடி செத்துப் போகுது. அப்புறம் தானா உயிர் வருது. ரிவர்ஸ் எடுத்தா மோட்டார் கரகரன்னு கத்துது, முன்னாடி போறதை விட சீக்கிரம் சூடாகுது.

ஈஎஸ்சியை மறுபடி கேலிபரேட் பண்ணிட்டேன், த்ராட்டில் ட்ரிம் பூஜ்யத்துல இருக்கு, பேட்டரி மாத்திப் பார்த்துட்டேன். கடையில கேட்டா மோட்டார், ஈஎஸ்சி ரெண்டையும் எடுத்துட்டு பிரஷ்லெஸ் (பிரஷ் இல்லாத மோட்டார்) போடுங்கன்னு சொல்றாங்க. அந்தக் காசுக்கு இன்னும் அரை வண்டி வாங்கலாம். குறை எங்கேன்னு தெரியாம செலவு பண்ண மனசு வரல. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மண்ரோடு, சென்னை

முதல்ல மோட்டார் பினியனோட (ஷாஃப்ட் முனையில இருக்கிற சின்ன பல்சக்கரம்) க்ரப் ஸ்க்ரூவை, அதாவது அதை ஷாஃப்டோட பிடிக்கிற குட்டி ஸ்க்ரூவைப் பாருங்க ப்ரோ. ஷாஃப்டோட தட்டைப் பக்கத்துல உக்காரலைன்னா லோடு வரும்போது மட்டும் வழுக்கும், கையில சுத்திப் பார்த்தா தெரியாது. ஸ்லிப்பர் கிளட்ச் (லோடு அதிகமானா வழுக்கிக் கொடுத்து கியரைக் காப்பாத்துறது) லூசா இருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும்.

கல்லேறி, ஓசூர்

பார்த்துட்டேன் ப்ரோ. க்ரப் ஸ்க்ரூ தட்டையிலதான் இருக்கு, லாக்டைட்டும் போட்டிருக்கு. ஸ்லிப்பரை முழுசா இறுக்கியும் ஓட்டிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்ல.

சிங்காநல்லூர் ஆர்மேச்சர், கோவை

தம்பி, பிரஷ்லெஸுக்கு இப்ப பணம் எடுத்து வைக்காதீங்க. நான் பீளமேட்டுல ரொம்ப வருஷம் பம்பு மோட்டாருக்கு காயில் கட்டினவன். மோட்டார் இழுக்கலைன்னு பட்டறைக்குத் தூக்கிட்டு வருவாங்க. அவுத்துப் பார்த்தா காயில் பளிச்சுன்னு இருக்கும். குறை பேரிங்ல இருக்கும், கப்ளிங்ல இருக்கும், இல்லைன்னா லைன்ல வோல்டேஜே வந்திருக்காது. சத்தம் மோட்டார்ல இருந்து வர்றதால பழியும் மோட்டார் மேல விழுந்துடுது. இப்ப பேரனோட சேர்ந்து கிராலர் ஓட்டறேன், இங்கயும் அதேதான் பாக்கறேன்.

நீங்க எழுதினதுல மூணு குறை இருக்குதுங்க. மூணுக்கும் ஒரே காரணம்னு நினைச்சா எதையும் பிடிக்க முடியாது. மூணும் ஒரே மோட்டார் வழியா வெளியே தெரியறதால ஒண்ணு மாதிரி இருக்குது, அவ்வளவுதான். தனித்தனியாப் பிரிப்போம்.

இழுக்குது, தயங்குது, மறுபடி இழுக்குதுன்னீங்க இல்ல, அந்தத் தயக்கம் ஒரே சீரான இடைவெளியில வருதா, கண்டபடி வருதா? எனக்கு முதல்ல தெரிய வேண்டியது அதுதான். சுத்தற பொருள்ல குறை இருந்தா சுத்துக்குச் சுத்து அதே இடத்துல வந்து நிக்கும். ஒயர்ல, ரிசீவர்ல, பேட்டரியில இருக்கற குறைக்குத் தாளம் கிடையாது. தாளம் இருக்குதுன்னா அதை எண்ணலாம். எண்ணினா எந்தப் பொருள்னு அதுவே சொல்லிடும்.

வண்டியை ஒரு டப்பா மேல தூக்கி வையுங்க, நாலு சக்கரமும் காத்துல இருக்கணும். ஒரு டயர்ல சாக்பீஸ்ல கோடு போடுங்க. மோட்டார் ஸ்க்ரூவைத் தளர்த்தி பினியனை ஸ்பர் கியர்ல (அது சுத்தி விடற பெரிய பல்சக்கரம்) இருந்து விலக்கிட்டு, முதல்ல மோட்டாரை மட்டும் மெதுவா ஓட்டுங்க. அது தனியா சீரா ஓடுச்சுன்னா ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்துது. அடுத்து, பினியன் விலகி இருக்கும்போதே சக்கரத்தைக் கையால மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. விரல்ல எங்க இறுக்கம் தெரியுது, எங்க விடுதுன்னு எண்ணுங்க. கண்ணை மூடிட்டு பண்ணினா இன்னும் நல்லாத் தெரியும்.

உங்க வண்டி ஆக்ஸில்ல ரிங் கியருக்கு 30 பல்லு, பினியனுக்கு 8 பல்லு. அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ட்ரைவ் ஷாஃப்ட் 3.75 சுத்து சுத்தும். சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரே இறுக்கம்னா ரிங் கியர் பல்லு, ஹப் பேரிங், வளைஞ்ச ஆக்ஸில், இதுல ஒண்ணு. கிட்டத்தட்ட நாலுன்னா ஷாஃப்ட் வளைஞ்சிருக்குது, இல்ல ஆக்ஸில் பினியனோட பேரிங் போயிருக்குது. ஏழெட்டு வந்தா யூனிவர்சல் ஜாயின்ட், அதாவது ஷாஃப்டைக் கோணத்துலயும் சுத்த விடற மூட்டு. எண்ண முடியாம பொடிப்பொடியா இருந்தா ஸ்பர் கியரும் கியர்பாக்ஸும். ஸ்டியரிங்கை ஒடிச்சாத்தான் வருது, நேரா இருந்தா இல்லைன்னா, முன் சக்கர முட்டியில (சக்கரம் ஸ்டியரிங்குக்குத் திரும்பற இடம்) இருக்கற ஜாயின்ட். அதுக்கு ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வரும்.

வண்டியைத் தூக்கி விட்டிருக்குதுன்னு சொன்னீங்களா, எனக்கு யூனிவர்சல் மேலதான் சந்தேகம். ஏன்னு சொல்றேன். ஒரு ஜாயின்ட் கோணமா நின்னு சுத்தும்போது, உள்ளே போற வேகம் சீரா இருந்தாலும் வெளியே வர்ற வேகம் சீரா இருக்காது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை முந்தும், ரெண்டு தடவை பிந்தும். கோணம் 10 டிகிரின்னா ஒன்றரை சதவீதம்தான் வித்தியாசம், நமக்குத் தெரியவே தெரியாது. 30 டிகிரிக்குப் போனா 13 சதவீதம் குறைஞ்சு 15 சதவீதம் கூடும். ஷாக்கை நீட்டினா இந்தக் கோணம்தான் ஏறுது.

ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் ஜாயின்ட் இருக்கறதால, ஒண்ணு கெடுக்கறதை இன்னொண்ணு சரி பண்ணிடும். ஆனா ரெண்டு யோக்கும் (ஜாயின்டைப் பிடிச்சிருக்கற கவை மாதிரி முனை) ஒரே தளத்துல நிக்கணும். அந்த ஷாஃப்ட் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நழுவற ரெண்டு பாதி. கழட்டி மாட்டும்போது கால் சுத்து தப்பா சொருகினா சரி பண்றதுக்குப் பதிலா ரெண்டும் சேர்ந்து கெடுக்கும். 30 டிகிரியில அப்போ வேகம் 25 சதவீதம் இறங்கி 33 சதவீதம் ஏறும். மெதுவா ஏறும்போது இந்த ஏத்த இறக்கம் அப்படியே டயருக்கு வரும். வேகமா ஓடினா வண்டியோட வேகமே அதை விழுங்கிடும், அதனாலதான் சமதளத்துல ஓட்டிப் பாக்கறவங்களுக்குத் தெரியாமலே போயிடுது.

அடுத்தது, ஒரு நொடி செத்துப் போறது. அதுக்குத் தாளம் இல்லை, ஸ்டியரிங்கோட சேர்ந்து வருது. அது சர்வோ. 25 கிலோ சர்வோ அடைபட்டு நிக்கும்போது ரெண்டு மூணு ஆம்பியர் கேக்கும். அதைக் குடுக்கறது ஈஎஸ்சிக்குள்ள இருக்கற சின்ன பிஈசி, பேட்டரி வோல்டேஜைக் குறைச்சு ரிசீவருக்கும் சர்வோவுக்கும் குடுக்கற பகுதி. அது தாங்காம வோல்டேஜ் விழுந்தா ரிசீவர் அணைஞ்சு மறுபடி உயிர் வரும், அந்த நேரத்துல மோட்டாருக்கு உத்தரவு குடுக்க ஆளில்லை. சோதனை சுலபம்: ரிசீவர் விளக்கு தெரியற மாதிரி பாடியை எடுத்துடுங்க, முன் டயரைக் கையால கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடிங்க. விளக்கு அணைஞ்சா அதுதான்.

வெளி பிஈசி வாங்கறதுக்கு முன்னாடி ரிமோட்ல ஸ்டியரிங் எண்ட் பாயின்டை, அதாவது சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம்ங்கற எல்லையைக் குறைங்க. நிறைய வண்டியில சக்கர முட்டி அதோட கடைசி எல்லையில போய் இடிச்ச பிறகும் சர்வோ தள்ளிக்கிட்டே இருக்குது, சும்மா நிக்கும்போதே கரண்டைக் குடிக்குது. அதுக்கு ஒரு பைசா செலவில்லை. அப்புறமும் அணைஞ்சா தனி பிஈசி போட்டு சர்வோவுக்கு நேரா கரண்ட் குடுங்க. சிக்னல் ஒயர் ரிசீவர்ல இருந்து, கரண்ட் பிஈசியில இருந்து, கறுப்பு ஒயர் மட்டும் ரெண்டுக்கும் பொதுவா சேரணும். கறுப்பு சேரலைன்னா சர்வோ பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடும். வோல்டேஜ் சர்வோ எவ்வளவு தாங்கும்னு பாத்து வையுங்க.

ரிவர்ஸ்ல கத்தறது டைமிங். முதல் ரெண்டும் முடிச்சுட்டு வாங்க, எழுதறேன்.

ஸ்கார்பரோ கிராலர், கனடா

ஐயா எழுதினது முழுக்கச் சரி. நான் ஒண்டு மட்டும் சேர்க்கிறன். தம்பி எப்பவாவது பிரஷ்லெஸுக்கு மாறினால் சென்சர் இல்லாத மோட்டாரைக் கிராலருக்கு எடுக்காதேங்கோ. சென்சர் இல்லாட்டி, மோட்டார் சுத்தேக்க அது தானே உண்டாக்கிற வோல்டேஜை வச்சுத்தான் ஈஎஸ்சி ரோட்டர் எங்க நிக்குது எண்டு கண்டுபிடிக்கும். மெதுவாப் போகேக்க அந்த வோல்டேஜ் இல்லை எண்டே சொல்லலாம். அதால கிளம்பேக்க உதறும்.

சென்சர் உள்ள மோட்டாரும் சில நேரம் அப்பிடி உதறும். அப்ப அந்த ஆறு கம்பி சென்சர் வயரைப் பாருங்கோ. சஸ்பென்ஷன் ஆடேக்க சேஸியில உரஞ்சு ஒரு கம்பி அறுந்தால், சில ஈஎஸ்சியள் சென்சர் இல்லாத மாதிரி ஓடத் தொடங்கிவிடும். கிளம்பேக்க மட்டும் உதறி, வேகம் எடுத்தாப் பிறகு வடிவா ஓடினால் முதல்ல அந்த வயரை மாத்திப் பாருங்கோ. ஹாபிவிங் ஃபியூஷன் மாதிரி மோட்டாரும் ஈஎஸ்சியும் ஒரே கூட்டுக்குள்ள வாறதில வெளியால அந்த வயரே இல்லை, எனக்கு அது பிடிச்சிருக்கு.

இஞ்ச குளிர்காலத்தில இன்னொரு தொல்லை. லிப்போ குளிர்ந்தால் உள்தடை ஏறி, லோட் வரேக்க வோல்டேஜ் சரியும். ஈஎஸ்சி பேட்டரி முடிஞ்சுது எண்டு நினைச்சு வெட்டிவிடும். பேட்டரியை ஜாக்கெட்டுக்குள்ள வச்சிருந்து கடைசி நேரத்தில பூட்டினால் சரி.

கல்லேறி, ஓசூர்

ஐயா, ரொம்ப நன்றி. நீங்க சொன்ன மாதிரியே பண்ணினேன்.

மோட்டார் தனியா ஓடும்போது முன்பக்கம் சீரா ஓடுது. சக்கரத்தைக் கையால சுத்தினப்போ இறுக்கம் வர்றதும் விடுறதும் தெளிவாத் தெரிஞ்சுது. ஒரு சுத்துக்கு ஏழா எட்டான்னு குழப்பமா இருந்ததால ரெண்டு சுத்து சேர்த்து எண்ணினேன். பதினஞ்சு. 3.75-ஐ ரெண்டால பெருக்கி, அதை மறுபடி ரெண்டால பெருக்கினா அதே பதினஞ்சு! கையில பேப்பரை வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

பின் ஷாஃப்டைக் கழட்டிட்டு சுத்தினா இறுக்கம் போயிடுச்சு, முன் ஷாஃப்ட் நல்லா இருக்கு. கழட்டின ஷாஃப்டைப் பார்த்தா ஒரு யோக் படுத்திருக்கு, இன்னொண்ணு நிக்குது. நேரா மாட்டினேன். இன்னும் லேசா தெரியுது, ஆனா பழையபடி இல்ல. ஷாக்கை சேஸியில ஒரு துளை தள்ளி மாட்டி வண்டியைக் கொஞ்சம் இறக்கினேன், அதுவும் அடங்கிடுச்சு.

சர்வோ விஷயமும் நீங்க சொன்னதுதான். டயரைப் பிடிச்சு ஒடிச்சா விளக்கு அணையுது. எண்ட் பாயின்ட் குறைச்சதும் சும்மா ஒடிச்சா அணையறதில்ல, ஆனா டயர் மாட்டிக்கிட்டா இன்னும் அணையுது. பிஈசி ஆர்டர் போட்டிருக்கேன்.

ரிவர்ஸ் இன்னும் கத்துது. ஆர்மேச்சர்ல (மோட்டாருக்குள்ள சுத்துற காயில் பகுதி) குறை இருக்குமோன்னு மல்டிமீட்டர்ல ஓம்ஸ் பார்த்தேன், தொடுற தொடுறப்ப ஒவ்வொரு எண் காட்டுது. எதை நம்புறதுன்னு தெரியல.

சிங்காநல்லூர் ஆர்மேச்சர், கோவை

பதினஞ்சுன்னு படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் தம்பி. பேரனைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினேன்.

மல்டிமீட்டரை விடுங்க. இந்த காயிலோட தடை ஒரு ஓமுக்கும் ரொம்பக் கீழே, மீட்டர் ஒயரோட தடையே அதை மறைச்சிடும். நாங்க பட்டறையில பண்றது வேற. ஆர்மேச்சரை வெளியே எடுத்து, கம்யூட்டேட்டர்ல (பிரஷ் உரசற செம்பு வளையம்) பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு செக்மென்ட், அதாவது செம்புத் துண்டு, வழியா ஒரு ஆம்பியர் மாறாம விடுவோம், அதே ரெண்டு செக்மென்ட் மேல மில்லிவோல்ட் அளப்போம். கரண்ட் குடுக்கற முனையும் அளக்கற முனையும் தனித்தனியா இருக்கணும், அப்பத்தான் ஒயர் தடை கணக்குல வராது. உங்க ஆர்மேச்சர்ல மூணு செக்மென்ட், மூணு ஜோடி. மூணும் ஒரே எண் காட்டினா காயில் நல்லா இருக்குது. ஒண்ணு மட்டும் விலகினா உள்ளே ஷார்ட், இல்ல சால்டர் விட்டிருக்குது. கரண்டை மாறாம வெச்சுக்கற பவர் சப்ளை உங்ககிட்ட இல்லைன்னா இதை இப்போ பண்ண வேண்டாம். முன்பக்கம் சீரா ஓடுற மோட்டார்ல காயில் போயிருக்காதுன்னுதான் நான் நினைக்கறேன்.

எனக்குத் தெரிஞ்சு பின்மூடியை யாரோ ஒரு பக்கமாத் திருப்பி வெச்சிருக்காங்க. ஓட்டப் பந்தயக் காருக்கு அது சரி. பிரஷ்ஷைச் சுத்தற திசைக்கு எதிரா கொஞ்சம் நகர்த்தினா முன்னாடி போகும்போது வேகம் கூடும். அதே இடம் ரிவர்ஸுக்கு நேர் எதிரான இடம். காயில்ல கரண்ட் மாற வேண்டிய நேரத்துல மாறாது, கம்யூட்டேட்டர்ல பொறி பறக்கும், சூடாகும், கத்தும். கிராலர் முன்னே எவ்வளவு போகுதோ அவ்வளவு பின்னேயும் வரணும், அதனால பூஜ்ய டைமிங்தான் வேணும்.

பூஜ்யத்தைக் கண்டுபிடிக்க மூடி மேல இருக்கற கோட்டை நம்பாதீங்க. பினியனை விலக்கிட்டு மோட்டாருக்கு நேரா ஒரு 4, 5 வோல்ட் குடுங்க, நடுவுல ஆம்பியர் மீட்டர் இருக்கட்டும். முன்பக்கம் ஓட்டி ஆம்பியரைக் குறிங்க. ஒயரை மாத்திப் போட்டு ரிவர்ஸ்ல குறிங்க. ரெண்டும் வேற வேறயா இருக்கும். மூடி ஸ்க்ரூவை லேசாத் தளர்த்தி ஒரு மயிரிழை திருப்பி மறுபடி ரெண்டு பக்கமும் பாருங்க. ரெண்டு எண்ணும் ஒண்ணாகற இடம் வரும், அங்க இறுக்கிடுங்க. ஓடற சத்தமே மாறும், காதுலயே தெரியும்.

மூடியைக் கழட்டற வாய்ப்பு கிடைச்சா பிரஷ்ஷையும் பாத்துடுங்க. முகம் வளைஞ்சு கம்யூட்டேட்டர் மேல முழுசா ஒட்டியிருக்கணும். ஒரு ஓரம் மட்டும் பளபளன்னு இருந்து மீதி மங்கலா இருந்தா பாதி பிரஷ்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

கல்லேறி, ஓசூர்

பண்ணிட்டேன் ஐயா. முன்பக்கத்துக்கும் ரிவர்ஸுக்கும் ஆம்பியர்ல நல்ல வித்தியாசம் இருந்துது. திருப்பித் திருப்பி ஒண்ணாக்கினேன், கரகரப்பு போயிடுச்சு. முன்னாடி போற வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, எனக்கு அது வேணவே வேணாம். ஒரு பிரஷ் மட்டும் நீங்க சொன்ன மாதிரி ஓரத்துல பளபளன்னு இருக்கு, ஸ்ப்ரிங்கும் வலுவில்லாம இருக்கு. புதுசா ஒரு ஜோடி வாங்கியிருக்கேன். மாட்டினதும் அப்படியே ஓட்டலாமா?

சிங்காநல்லூர் ஆர்மேச்சர், கோவை

வேண்டாம் தம்பி. புது பிரஷ் முகம் கம்யூட்டேட்டர் வளைவுக்கு இன்னும் பழகியிருக்காது. அதோட 3 செல்லுல கல்லு ஏறினா தொடற சின்ன இடத்துல மொத்தக் கரண்டும் போய்க் கம்யூட்டேட்டரைச் சுட்டுடும். ஸ்ப்ரிங்கையும் ஜோடியா மாத்துங்க, ஒரு பக்கம் பழசு ஒரு பக்கம் புதுசு வேண்டாம். லோடு எதுவும் இல்லாம 2, 3 வோல்ட்ல ஓட விடுங்க. நடு நடுவுல நிறுத்தி, மோட்டார் உடம்பு வெதுவெதுப்பைத் தாண்டாம பாத்துக்கோங்க. பிரஷ்ஷை எடுத்துப் பார்த்தா முகத்துல முக்கால்வாசி பளபளப்பு வந்திருக்கணும், அதுவரைக்கும் ஓடட்டும். அப்புறம் மோட்டார் கிளீனர் அடிச்சு கார்பன் தூளை வெளியே தள்ளிடுங்க, ஷாஃப்டைத் தாங்கற புஷ் ரெண்டுலயும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். எண்ணெய் கம்யூட்டேட்டர்ல படக்கூடாது.

பிரஷ் மாத்தினா பிரஷ் தொடற இடம் ஒரு துளி மாறும். அதனால பழகின பிறகு ரெண்டு பக்க ஆம்பியரையும் இன்னொரு தடவை பாத்து மூடியை இறுக்குங்க. பிஈசி வந்ததும் ஒயர் எப்படிக் கொடுத்தீங்கன்னு ஒரு படம் போடுங்க, கறுப்பு ஒயர் எங்க சேருதுன்னு பாத்துச் சொல்றேன்.